துவக்கு ராஜா

"ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ!" என்று எச்சரித்துவிட்டு, கிட்டத்தில் ஒரு பூனைகூட இல்லாத அந்த லண்டன் தோர்ண்டன் ஹீத் தெருவை மேலும் கீழும் பார்த்தார் கிறிஸ்துராஜா. பிறகு நீளமான கறுப்புப் பெட்டியைத் தூங்கும் குழந்தையைப் போல் கார் டிக்கியில் கிடத்தினார்.

பெட்டிக்குள் இருப்பது இரட்டைக்குழல் துப்பாக்கி என்று அறிந்ததும் ஜெராட் ஏறப்போன காரை விட்டு இரண்டடி தள்ளி நின்றான். பாரிஸில் அக்காவின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் சடங்கு. அக்காவின் முகத்தைப் பார்த்தே பல வருடங்கள். "நாங்களும் பாரிசுக்குத்தான் போறம், காரில இடமிருக்கு" என்று பூசை முடிந்து கூப்பிட்ட மனிதர், துவக்கைப் பற்றி மூச்சே விடவில்லை.

"அண்ணை, நான் பஸ்சில போறன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்து இன்னும் அதில ஒரு மடிப்புக்கூட விழேல்ல. தமிழன், கார், துவக்கு, போர்டர்... நாலையும் சேர்த்துப் பாருங்கோ!"

"அட, பயந்தாங்கொள்ளி! இது லைசென்ஸ் துவக்கு. பறக்கவிடுற களிமண் தட்டைக் குறிபாத்துச் சுடுற போட்டிக்குப் போகுது. எல்லை தாண்ட இதுக்கெண்டே தனிப் பாஸ் இருக்கு. உம்மட பாஸ்போர்ட்டை விட அது மூப்பு!"

யுத்த காலத்தில் மன்னார் சோதனைச் சாவடியில் ஒரு ரோர்ச் லைற் பற்றறி வைத்திருந்ததற்காக வெயிலில் நிறுத்தப்பட்டவன் ஜெராட். ஆனாலும் கிறிஸ்துராஜாவின் கோலம் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது. பச்சை வேட்டை ஜாக்கெட், அதில் எண்ணி மாளாத பொக்கெட்டுகள், தலையில் கட்டம்போட்ட தொப்பி. கோயில் சனம் அவரைத் 'துவக்கு ராஜா' என்றுதான் சொல்லும். அதில் நக்கல் இருப்பதை அவர் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

மனைவி மெற்றில்டா பின்சீட்டில் ஏறி, வலது தோள்மூட்டில் தைலம் தேய்க்கத் தொடங்கினாள்.

"என்னக்கா, நோவோ?"

"சனிக்கிழமை வாற நோ, தம்பி. இண்டைக்கு வெள்ளி, இன்னும் மாறேல்ல."

சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் அண்டா தூக்குகிறாளாக்கும் என்று ஜெராட் பாவப்பட்டான்.

கார் லண்டனைத் தாண்டுமுன்பே விரிவுரை தொடங்கிவிட்டது. "துவக்கைக் காரில தனிய விட்டிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகேலாது. வெடியைப் போட்டு வைச்சிருக்கேலாது. ஆனா தம்பி, மெய்யான சட்டம் பெட்டியின்ர திறப்பில, அந்தச் சாவியிலதான் இருக்கு. லைசென்ஸ் ஆரின்ர பேரில இருக்கோ, அவருக்கு மட்டும்தான் திறப்பு இருக்கிற இடம் தெரியலாம். வீட்டில மனுசிக்குக்கூடத் தெரியக்கூடாது!"

"மனுசிக்குக்கூடவோ?"

"கனவிலயும் தெரியக்கூடாது!"

பின்சீட்டில் தைலம் தேய்த்த கை ஒரு கணம் நின்று, மறுபடி தேய்த்தது.

டோவர் துறைமுகத்தில், கேட்பதற்கு முன்பே கிறிஸ்துராஜா கண்ணாடியை இறக்கி, "துப்பாக்கி இருக்கிறது!" என்று ஆங்கிலத்தில் முழங்கினார். காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். ஜெராட் செபமாலையைக் கையில் எடுத்தான்.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "முதலில் பெட்டியைத் திறவுங்கள் சேர். பேப்பர்களைப் பிறகு பார்க்கலாம்."

கிறிஸ்துராஜா பெட்டியை வெளியே எடுத்து வைத்தார். பிறகு ஜாக்கெட்டைத் தடவத் தொடங்கினார். ஒரு பொக்கெட்டிலிருந்து டொஃபி வந்தது. இன்னொன்றிலிருந்து பெட்ரோல் ரசீது. மற்றதிலிருந்து அவர் சுட்டதாக ஊரெல்லாம் காட்டித் திரிந்த களிமண் தட்டின் ஒரு துண்டு. திறப்பு மட்டும் வரவில்லை.

அதிகாரியின் சிரிப்பு ஒடுங்கியது. தூரத்தில் நின்ற இன்னொருவரைக் கண்ணால் கூப்பிட்டார். அக்கா அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, தான் இங்கே ஓர் அறைக்குள் விசாரணையில் இருக்கும் காட்சி ஜெராட்டுக்குத் துலக்கமாகத் தெரிந்தது.

"அண்ணை, திறப்பு எங்க?"

"அது... இருக்க வேண்டிய இடத்தில இருக்குத் தம்பி."

"எந்த இடத்தில?"

கிறிஸ்துராஜா தொப்பியைக் கழற்றி ஒரு கையில் வைத்துக்கொண்டார். அது இல்லாமல் அவர் ஏனோ அரை அடி குறைந்து தெரிந்தார்.

பின்கதவு திறந்தது. மெற்றில்டா இறங்கிவந்து, கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்து, சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கிய சின்னத் திறப்பைக் கழற்றினாள். குனிந்து, பழகிய கையால் ஒரே திருகலில் பெட்டியைத் திறந்தாள். இன்னும் பொக்கெட்டைத் தடவிக்கொண்டிருந்த கணவரின் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினாள்.

"தேடாதேங்கோப்பா. திறப்பு இருக்கிற இடம் மனுசனுக்குக்கூடத் தெரியக்கூடாது. துவக்கும் லைசென்ஸும் என்ர பேரிலயெல்லோ!"