கரையாத கட்டி

"மேடம், இந்தப் பக்கம் பாருங்க. மழை விட்டு ஒரு வாரமாச்சு, இன்னும் தண்ணி நிக்குது. என் பக்கம் பாருங்க. பெஞ்ச தண்ணி பெஞ்ச இடத்துலயே காணாமப் போயிடும். எங்க அண்ணன் பாகம் பிரிச்ச லட்சணம் இது."

வேலிக் கல்லில் சாய்ந்துகொண்டு தம்பிக்காரர் சொன்னார். மண் பரிசோதனைக்கு வந்த பெண் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு, வேலிக்கு இரண்டு பக்கமும் பார்த்தாள்.

இரண்டும் ஆடு மேயும் நிலம்தான். பள்ளத்துப் பாதி அண்ணனுக்கு, மேட்டுப் பாதி தம்பிக்கு. பிரித்த அன்றைக்கு நின்ற பேச்சு இன்றுவரை நின்றதுதான். இப்போது அண்ணன் இருந்த ஆடுகளையும் விற்றுவிட்டு, டவுனில் ஒரு குடோனுக்குக் காவலாளியாகப் போய்விட்டார். கேட்பாரற்றுக் கிடக்கும் பள்ளத்தை வளைத்துப் போட்டுப் புல் விதைத்துவிட வேண்டும். தம்பிக்கு அதே நினைப்பு. என்ன புல் வரும் என்று கேட்கத்தான் அந்தப் பெண்ணை வரவழைத்திருந்தார்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா ஐயா?"

"எதுக்கு? அன்னிக்கு அவரு என்னைக் கேட்டா பிரிச்சாரு?"

"இவ்வளவு நல்ல நிலம்னா ஏன் விட்டுட்டுப் போனார்?"

"உடம்பு வணங்கல. சும்மா கிடைச்சதோட அருமை யாருக்குத் தெரியுது?"

அவள் குனிந்து ஈரமண்ணை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். "சோப்பு மாதிரி வழுக்குதே."

"வெண்ணெய்னு சொல்லுங்க. நிறத்தைப் பாருங்க, கருகருன்னு. அவரோட ஆடுங்க இந்த மண்ணையே நக்கித் திங்கும், அவ்வளவு ருசி. அதுவும் போதாம என் வேலிக்குள்ள தலையை விட்டு என் புல்லுக்கும் வாயை நீட்டும். கொழுப்பு. முள்கம்பியில இன்னொரு வரிசை இழுத்துக் கட்டினேன், அடங்குச்சு."

அவள் நிமிர்ந்தாள். "ரெண்டு கண்ணாடி கிளாஸ் வேணும். மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருந்தா அதுல கொண்டு வாங்க. கிணத்துத் தண்ணி ஆகாது" என்றாள்.

தம்பியின் மனைவி வீட்டிலிருந்து கொண்டுவந்து வேலிக் கல்லின் மேல் வைத்தாள். அந்தப் பெண் பள்ளத்தின் காய்ந்த ஓரத்திலிருந்து ஒரு கட்டி, மேட்டிலிருந்து ஒரு கட்டி எடுத்து, தனித்தனிக் கிளாஸில் மெதுவாக இறக்கினாள்.

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதே வித்தைதான் மேடம். பாகம் பிரிக்கற அன்னிக்குக் காலையில எங்க அண்ணன் ஜன்னல்ல ரெண்டு கிளாஸை வச்சுக்கிட்டு உத்து உத்துப் பார்த்துட்டு இருந்தாரு. ஒண்ணு பாலாட்டம் கரைஞ்சுது. இன்னொண்ணு கல்லாட்டம் கிடந்துச்சு. எழுந்து வந்து, 'பள்ளம் எனக்கு, மேடு அவனுக்கு, இதுல பேச்சே இல்ல'ன்னுட்டாரு. இளகின மண்ணு அவருக்கு, இறுகின மண்ணு எனக்கு. கூடப் பொறந்தவரு, எப்படி?"

பேசிக்கொண்டிருக்கும்போதே பள்ளத்துக் கட்டியைச் சுற்றிப் புகை மாதிரி எழும்பியது. கொஞ்ச நேரத்தில் கிளாஸே கலங்கிவிட்டது. பக்கத்துக் கிளாஸில் தண்ணீர் தெளிவாக இருந்தது. மேட்டுக் கட்டி வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தது.

"பார்த்தீங்களா, நான் சொல்லல?"

"ஐயா, கலங்கறதுதான் களர் மண்" என்றாள் அவள். "சோடியம் ஏறின மண்ணு. மழை பட்டதும் பிரிஞ்சு மாவாகி, கீழ போற வழியெல்லாம் அடைச்சுக்கும். தண்ணி நிக்கல, இறங்க முடியாம கிடக்குது. வெயில் வந்தா சிமெண்டுத் தரை. விதை மூக்கைக் கூட வெளிய நீட்டாது."

"அப்ப அந்தக் கருப்பு?"

"மண்ணுல மக்கிக் கிடந்த இலைதழைச் சத்து கரைஞ்சு மேல வந்து படிஞ்சிருக்கு. ஆடு நக்கினது உப்புக்கு. உங்க வேலிக்குள்ள தலையை விட்டது பசிக்கு. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணி விட்டு வடிச்சு, திரும்பத் திரும்பச் செஞ்சா தேறும். ஆனா வருஷக் கணக்கா பாடுபடணும். கலையாம உக்காந்திருக்கு பாருங்க உங்க கட்டி, அதுதான் உயிருள்ள மண்ணு."

தம்பி தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"கேட்டியாடி? எங்க அண்ணன் நல்லா ஏமாந்திருக்காரு. அதிபுத்திசாலி, தானே போய்க் குழியில விழுந்திருக்காரு."

மனைவி சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணும் சிரிக்கவில்லை. கலங்கிய தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, கிளாஸைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இந்தச் சோதனையை யாரும் தானா செய்ய மாட்டாங்க ஐயா. மண்ணு விஷயம் தெரிஞ்ச யார்கிட்டயோ அவர் கேட்டுக் கத்துட்டு வந்திருக்கார். செய்யக் கத்துக் கொடுத்தவங்க, எது கெட்டதுன்னு சொல்லாமலா விட்டிருப்பாங்க?"

தம்பியின் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

அவர் இழுத்துக் கட்டிய இரண்டாவது வரிசைக் கம்பியில், முள்ளுக்கு முள் ஆட்டு ரோமம் சிக்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஸ்கூட்டரைக் கிளப்பிப் போனதுகூட அவர் காதில் விழவில்லை.

"சொல்லியிருக்கலாமே" என்றார் கடைசியில், யாரிடம் என்றில்லாமல்.

"சொன்னா நல்லதுலயும் கெட்டதுலயும் சரிபாதின்னு நீங்க கேட்டிருப்பீங்க. ரெண்டு பேருமே அரைவயிறு" என்றாள் மனைவி. "அன்னிக்கு நமக்குக் கைக்குழந்தை."

அவர் செல்போனை எடுத்தார். இத்தனை வருஷமாகக் கூப்பிடாத நம்பர். ஆனால் அழிக்கவும் இல்லை. மணி அடித்தது. எடுத்தார்கள்.

"சொல்லுடா" என்றது குரல், நேற்றுப் பேசிவிட்டு இன்று பேசுகிற மாதிரி.

தம்பி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

அண்ணனே பேசினார்.

"அங்க நல்ல மழையாமே. உன் பக்கம் தண்ணி நிக்காம இறங்குச்சில்ல?"