பதினோராம் நம்பர் ஜன்னல்

“எந்திரிங்கம்மா. இது என் சீட்டு. பதினொண்ணு.”

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் டிக்கெட்டைக் கிழவியின் மூக்குக்கு நேரே நீட்டினார். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் முழிக்கிறவர்களிடம் பேசுவாரே, அதே குரல்.

கிழவி நூல்கண்டைச் சுருட்டிக்கொண்டு, பின்னல் ஊசியைக் கொண்டையில் செருகியபடி எழுந்தாள். “எனக்கு அந்தப் பக்கம் பதினாலு தம்பி. முதுகு காட்டிப் போனா தலை சுத்தும், காலியா இருக்கேன்னு உக்காந்துட்டேன். நீங்களே இருங்க. ஜங்ஷன் வரைக்கும்தானே.”

“பாத்தியா? ஜங்ஷன்ல இறங்கப் போறதுக்கு இந்த அம்மாவுக்கு ஜன்னல் கேக்குது” என்று வாத்தியார் மனைவியின் காதில் முணுமுணுத்தார். கைக்குட்டையால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார். செல்போனை ஜன்னலுக்கு நேரே பிடித்து ஒத்திகையும் பார்த்துக்கொண்டார்.

எல்லாம் அந்த ஒரு அருவிக்காகத்தான். போன வருஷம் சகலை இதே ரயிலில் போய் எடுத்த அருவிப் படம், மாமியார் வீட்டு ஹாலில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிறவர் போகிறவரையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தி, “பெரிய மாப்பிள்ளை எடுத்தது” என்று மாமியார் பூரித்துப்போவார். ஒவ்வொரு தடவையும் சின்ன மாப்பிள்ளைக்கு வயிறு எரியும்.

“படமா அது? மூலையில எவனோட வழுக்கைத் தலையோ நிலா மாதிரி உதிச்சிருக்கு. நான் எடுக்கறேன் பாரு, அதைக் கழட்டிப் பரண்ல போடுவாங்க உங்கம்மா.”

“கழட்ட வேணாம்னு பக்கத்துலயே ஒரு ஆணி அடிச்சு வச்சிருக்காங்க” என்றாள் மனைவி. “நீங்கதான் ஊரெல்லாம் சொல்லிட்டீங்களே. ஆனா இந்த சீட்டைச் சொன்னதே அக்கா வீட்டுக்காரர்தான். ‘கண்ணை மூடிக்கிட்டு பதினொண்ணு போடுங்க சகலை’ன்னு.”

“ஜென்மத்துல அவன் செஞ்ச ஒரே நல்ல காரியம்.”

ரயில் கிளம்பியது. கண்ணாடிக் கூரை போட்ட பெட்டி. காசு கொடுத்து ஏறிவிட்டோம் என்பதற்காக ஜனங்கள் மாட்டைப் படம் எடுத்தார்கள், சிக்னல் கம்பத்தைப் படம் எடுத்தார்கள், ஒரு புண்ணியவான் கக்கூஸ் கதவைக்கூட எடுத்தான். வாத்தியார் அவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அவர் மட்டும் செல்போனின் சார்ஜைக் காத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அருவி தெரிவது அரை நிமிஷம்தான். எழுந்து போன நேரத்தில் வந்து தொலைத்தால் என்ன செய்வது? மனைவி ஒரு தரம் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தபோது, “கண்ணாடியில மூச்சு படுது, தள்ளு” என்று விரட்டினார்.

ஜங்ஷனில் வண்டி இருபது நிமிஷம் நின்றது. கிழவி இறங்கவில்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் இன்ஜின் மட்டும் தனியாக வால் பக்கம் போனது.

“டீசல் போடப் போகுது” என்று வாத்தியார் மனைவிக்கு விளக்கம் சொன்னார். வண்டி என்றால் அவருக்குத் தெரியாதது உண்டா?

பின்னால் எங்கோ ‘டமார்’ என்று முட்டும் சத்தம் கேட்டது. ரயில் மெதுவாக, வந்த வழியே நகர்ந்தது.

“என்னங்க, வண்டி ரிவர்ஸ்ல போகுது!” என்றாள் மனைவி.

“மலைப்பாதைக்கு இங்க திரும்பித்தான் தம்பி போகணும். என்னிக்கும் அப்படித்தான்” என்றாள் கிழவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். இப்போது அவள் வண்டி போகிற திசையைப் பார்த்து ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக ஊராருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர் முதுகு காட்டிப் போய்க்கொண்டிருந்தார்.

மலை தொடங்கியது. பதினோராம் நம்பர் ஜன்னலை ஒட்டி ஒரு கரும்பாறை வந்தது. அது முடிந்ததும் இன்னொரு கரும்பாறை வந்தது. அதற்கப்புறமும் பாறைதான்.

திடீரென்று கிழவியின் பக்கம் பெட்டியே “ஆ!” என்றது.

வாத்தியார் பாய்ந்தார். அதற்குள் நடைபாதை முழுக்க ஆட்கள். இரண்டு பேரை இடித்துத் தள்ளி, ஒருவர் காலை மிதித்து, கிழவியின் தலைக்கு மேலே கையை நீட்டி ஒரே ஒரு தடவை அமுக்கினார். ரயில் குகைக்குள் நுழைந்துவிட்டது.

படத்தில் அருவி இருந்தது. மூலையில் ஊசி செருகிய கொண்டையும் இருந்தது. கொண்டையை வெட்டிப் பார்த்தார். அருவியும் பாதி போனது.

மனைவி எட்டிப் பார்த்தாள். “அக்கா வீட்டுக்காரர் படத்துல வழுக்கை. உங்க படத்துல கொண்டை.”

வாத்தியாருக்குச் சுரீரென்றது. அந்தப் பயலும் இதே பதினொன்றில் உட்கார்ந்து, இதே பாறையை முறைத்துக்கொண்டு, கடைசியில் யார் தலைக்கு மேலேயோ கையை நீட்டியவன்தான்!

“ஊருக்குப் போனதும் எல்லார் முன்னாடியும் அவனை நாலு கேள்வி கேக்கறேன்.”

“தாராளமா கேளுங்க. நீங்க மூணு மணி நேரம் காவல் காத்துப் பாறையைப் பாத்தது எல்லாருக்கும் தெரியட்டும்.”



அடுத்த ஸ்டேஷனில் செல்போன் அடித்தது. மனைவியின் தம்பி. அடுத்த மாசம் புதுப் பெண்டாட்டியோடு இதே ரயிலில் போகப்போகிறவன்.

“அத்தான், அருவி கிடைச்சுதா?”

“கிடைக்காம? பிரமாதம்! உங்கம்மாவை ஆணியைத் துடைச்சு வைக்கச் சொல்லு.”

“சூப்பர் அத்தான்! இப்பதான் டிக்கெட் போடறேன். எந்த சீட்டு நல்லது?”

வாத்தியார் பாறையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கண்ணை மூடிக்கிட்டு பதினொண்ணு போடு மச்சான்.”