முன்மொழிய ஒரு பெயர்

"இந்தத் தொகுப்பில் வருகிற மனைவிக்கு ஒரு நாளும் காய்ச்சல் வருவதில்லை" என்று செல்லத்தாய் தன் மதிப்புரையைப் படித்ததும் சபை சிரித்தது.

சிம்மக்கல்லில் ஒரு வாசகசாலையின் மாடி. தை மாதம் அங்கே கூடும் சங்கம், அந்த ஆண்டு வெளிவந்த ஒரு கவிதை நூலுக்குப் பரிசு கொடுக்கும். கொடுக்கலாமா கூடாதா என்பது மதிப்பிடுகிறவர் சொல்லில் இருந்தது.

அடுப்படி, கொடியில் காயும் துணி, சாயங்கால விளக்கு என்று வீட்டு வாழ்க்கையைப் பாடிய புத்தகம். யுத்தகாலத்து மட்டக் காகிதத்தில் அச்சானது. "இதை ஒரு பெண் பார்த்தால் நல்லது" என்று தலைவர் பாலசுந்தரம் பசுமலைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். சங்கத்தில் மேடையேறிப் பேசக்கூடிய பெண் செல்லத்தாய் டீச்சர் ஒருத்திதான்.

பள்ளிக்கூட விடுதியின் ஓர அறையில் அதை அவள் வாய்விட்டே படித்தாள். கேட்க யாரும் இல்லை.

"அவள் கோபித்துக்கொள்வதில்லை. அவள் வடிக்கும் சோறு குழைவதில்லை. விளக்கேற்றிவிட்டு வாசலைப் பார்த்தால் கணவர் வந்துகொண்டே இருக்கிறார். நம் வீடுகளில் இப்படியா?" என்று இப்போது சபையைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்க வீட்டுல இல்லீங்க!" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

செல்லத்தாயும் சிரித்தாள். பிறகு அவள் குரல் இறங்கியது.

"ஆனால் உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டு, ஊதி, உப்புப் பார்க்கிறாளே, அந்தக் கவிதை பொய்யில்லை. பக்கத்தில் நின்று பார்க்காதவர் அதை எழுத முடியாது. அந்த ஒன்றுக்காகவே இந்த நூலுக்குப் பரிசு தரலாம்."

கைதட்டல் அடங்கியதும் தலைவர் பேனாவைத் திறந்தார்.

"நூலாசிரியர் பேரைச் சபையில சொல்லி முன்மொழிஞ்சிருங்கம்மா. அதான் நம்ம வழக்கம். சொல்லலைன்னா செல்லாது, பரிசு அடுத்த புஸ்தகத்துக்குப் போயிரும்."

செல்லத்தாய் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் முயன்றாள்.

கடைசியில் புத்தகத்தின் அட்டையைச் சபையின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"காட்டுனா பத்தாது டீச்சர், சொல்லணும்! இம்புட்டையும் படிச்சீக, பேரை மட்டும் படிக்கலையாக்கும்?"

அதே பின்வரிசைக் குரல்தான். மாடியே அதிரச் சிரித்தார்கள்.

பெண்கள் பக்கத்தில் நாகமணி மட்டும் சிரிப்பை நிறுத்தினாள். அவள் காரியதரிசியின் மனைவி. கல்யாணமான நாள் முதல் புருஷனை 'அவுக' என்றே சொல்லிப் பழகியவள். வீட்டுக்காரர் பேரை யாராவது கேட்டால், பக்கத்தில் நிற்பவரைக் கெஞ்சிச் சொல்லவைப்பாள்.

அவள் மெல்ல எழுந்தாள். எழுத்துக்கூட்டி அட்டையைப் படித்தாள்.

"நல்லகாமன். டீச்சருக்காக நான் சொல்றேன், எழுதிக்கங்க."

தலைவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு எழுதிக்கொண்டார். சபை அடுத்த காரியத்துக்குப் போனது.

செல்லத்தாய் இறங்கி வந்து பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள். நாகமணி அவள் பக்கம் நகர்ந்து வந்து, காதோரம் கேட்டாள்.

"அவுக எப்ப விட்டுட்டுப் போனாக?"

செல்லத்தாய் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"இதுல ஒரு பாட்டுகூட எழுதுறதுக்கு முன்னாடியே."