ரோமாபுரிச் சாடிகளின் வடிவு

விரிவுரையாளர் அருளம்பலம் கேட்டபடியே, அளவெட்டிக் குயவர் வல்லிபுரம் ஒரு டசின் ரோமாபுரிச் சாடிகளைச் சுட்டு முடித்திருந்தார். ஒடுங்கிய கழுத்து, நீண்ட உடம்பு, கூரான அடி. நிமிர்ந்து நிற்காத சாதி என்பதால் முற்றத்தில் வரிசையாகப் படுத்துக் கிடந்தன.

“ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி உதிலைதான் காணும், வைன் வந்தது!” என்றார் அருளம்பலம்.

வல்லிபுரத்தின் மனைவி சிவக்கொழுந்து கும்பிடாத குறையாகச் சொன்னாள்: “ஐயா, இண்டைக்கே கொண்டு போங்கோ. பிள்ளையள் இருக்கிற வீடு.”

“உடைச்சுப்போடுவினம் எண்டு பயமோ?”

“இல்லை ஐயா, உதின்ரை வடிவுதான் பயம்.”

அருளம்பலம் பூரித்துப்போனார். “கேட்டீரே வல்லிபுரம்! வடிவு கூடிப்போச்சாம், கண்ணூறு பட்டிடுமாம்!”

சிவக்கொழுந்து மறுபடி வாயெடுப்பதற்குள் அவர் வண்டிலுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை சாடிகள் அவர் வீட்டு மொட்டை மாடியில் வரிசையாகக் கிடந்தன. பார்வையிட வரும்படி ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அழைப்பும் போயிருந்தது. அவர்களுக்கு முந்தி ஆமியின் ஹெலி வந்தது. இரண்டு தரம் வட்டமடித்து நன்றாகவே பார்வையிட்டது. குடும்பத்தோடு பங்கர்க் குழிக்குள் பாய்ந்ததால் அருளம்பலம் தப்பினார். வீடு தப்பவில்லை.

மாலையில், வல்லிபுரத்தின் வீட்டு முற்றத்தில் அவர் கொடுத்த சாரத்தைக் கட்டிக்கொண்டு இருந்து, அருளம்பலம் வானொலிச் செய்தி கேட்டார்: “அளவெட்டியில் வீட்டு மாடியொன்றில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த ஷெல் குண்டுகள் முற்றாக அழிக்கப்பட்டன.”