பூஞ்சையம்மாவின் தட்டு

அந்த வெள்ளிக்கிழமை விதை அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வேர் ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்ற வேர் சார். பூச்சிகளோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய பூச்சி சார். பூஞ்சைப் பிரிவில் இருந்த பூஞ்சையம்மா. ஒரு காலத்தில் அந்த அரசு ஆராய்ச்சி நிலையத்துக்கே இயக்குநராக இருந்த பெரியவர். ஐந்தாவது ஆள் ஸ்டோர் கீப்பர். அவர் ஒருவருக்குத்தான் சம்பளம்.

மற்ற நால்வரும் வெள்ளிக்கிழமைதோறும் தொண்டு செய்ய வருகிறவர்கள். ஜாடியிலுள்ள பழைய விதைகளில் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கையும் பூச்சி அரித்ததையும் நீக்கி, உறைக்கு ஐம்பதாக எண்ணிப் போட்டு, மேலே எண் எழுதி ஒட்ட வேண்டும். இயந்திரம் எண்ணிவிடும். பொக்கு எது, மணி எது என்று அதற்குத் தெரியாது.

நாளுக்கு இருபது உறை என்பது விதி. தொடர்ந்து மூன்று வெள்ளிக்கிழமை குறைந்தால் நாற்காலி அடுத்தவருக்கு. அதற்கு ஒன்பது பேர் வரிசையில் காத்திருந்தார்கள்.

"சம்பளமில்லாத வேலைக்கு இத்தனை அடிதடியா சார்?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"வீட்டுல இருந்தா என் மருமக ரிமோட்டைத் தேடச் சொல்றா. அதுக்கு இது தேவலையே!" என்றார் வேர் சார்.

பதினோரு மணிக்குப் பூஞ்சையம்மா வழக்கம்போல எழுந்தார். தன் விதை டப்பாவைத் தூக்கிக்கொண்டு பெரியவர் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். நடுவில் ஜாடிகள் அடுக்கியிருந்ததால் ஸ்டோர் கீப்பருக்குத் தெரிந்தது இரண்டு தலைகள் மட்டும்தான். பேச்சு. சிரிப்பு. மறுபடி பேச்சு.

'வாய் ஓடற ஓட்டத்துல பாதி கை ஓடக்கூடாதா?' என்று நினைத்துக்கொண்டார்.

நாலு மணிக்குத் தட்டுகளை எண்ணினார். வேர் சார் இருபத்தாறு. பூச்சி சார் இருபத்துமூன்று. பெரியவர் இருபது, என்றும்போலக் கணக்காக. பூஞ்சையம்மா பன்னிரண்டு.

மூன்றாவது வெள்ளிக்கிழமை.

மற்றவர்கள் கிளம்பும்வரை ஸ்டோர் கீப்பர் காத்திருந்தார். யாரையும் முகத்துக்கு நேரே ஒரு சொல் சொல்லிப் பழக்கமில்லாதவர். தொண்டையைச் செருமினார்.

"அம்மா... திங்கக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி போன் பண்ணுவாரு. இருபதுக்குக் குறைஞ்சவங்க பேரைச் சொல்லணும்."

"என் பேருதானே? தாராளமா சொல்லுங்க தம்பி."

ஒரு சாக்குக்கூடச் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

"கொஞ்சம் பேச்சைக் குறைச்சிருந்தா..."

"அது மட்டும் முடியாது தம்பி. பெரியவரு தன் வீட்டுல நாள் முழுக்கப் பேசறது நாலு வார்த்தை. இங்க வந்தாதான் மனுஷன் வாயைத் திறக்கறாரு." கைப்பையை எடுத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு. என் இடத்துக்கு வர்றவங்க கொஞ்சம் கலகலப்பான ஆளா இருக்கட்டும். கையும் வேகமா இருந்தா நல்லது. அடையாள அட்டையைத் திங்கக்கிழமை கொண்டுவந்து குடுத்துடறேன்."

போய்விட்டார்.

உறைகளைப் பெட்டியில் அடுக்கும்போதுதான் ஸ்டோர் கீப்பரின் கை நின்றது. பெரியவர் தட்டிலிருந்து எடுத்த உறை. எண், அச்சடித்ததுபோல நேராக இருந்தது.

அன்று காலை பெரியவர் வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து, தன் கட்டத்தைத் தாண்டி வேர் சார் கட்டத்துக்குள் குடியேறியிருந்தது. பேனாவைப் பிடிக்கவே அவருக்கு இரண்டு கை வேண்டியிருந்தது.

இருபது உறைகளையும் மேசையில் பரப்பினார். புழு நெளிந்ததுபோல எண் எழுதியவை நான்கு. மீதி பதினாறும் பூஞ்சையம்மாவின் எழுத்து.

பதினாறும் பன்னிரண்டும் இருபத்தெட்டு. அறையிலேயே அதுதான் அதிகம்.

ஸ்டோர் கீப்பர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருஷ வேலையில் இல்லாத எண்ணை அவர் எழுதியதில்லை. பதினாறு உறையை அந்தத் தட்டிலிருந்து இந்தத் தட்டுக்கு மாற்றினால் கணக்கு நேராகும். ஆனால் மூன்று வெள்ளிக்கிழமையில் பெரியவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பூஞ்சையம்மா அடையாள அட்டையோடு உள்ளே வரவும் தொலைபேசி ஒலிக்கவும் சரியாக இருந்தது.

"யாருய்யா குறைஞ்சவங்க?" அதிகாரியின் குரல் பூஞ்சையம்மாவுக்கும் கேட்டது.

"யாருமில்லைங்க. நாலு தட்டுலயும் இருபதுக்குக் குறையலை."

"எண்ணிப் பார்த்துத்தான் சொல்றீங்களா?"

"ரெண்டு தடவை எண்ணினேங்க."

பூஞ்சையம்மா அவர் ரிசீவரை வைக்கும்வரை பொறுத்திருந்தார்.

"தம்பி, எனக்காகப் பொய்க்கணக்கு எழுதாதீங்க. நான் போட்டது பன்னிரண்டு."

ஸ்டோர் கீப்பர் பூஞ்சையம்மாவின் தட்டை எடுத்து முன்னால் வைத்தார்.

"எண்ணிக்கோங்க."

எண்ணினார். இருபது இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார். அப்போதும் இருபதுதான்.

"அடுத்த வெள்ளிக்கிழமை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க பேசிக்கிட்டே இருங்கம்மா. இருபதுதான் வரும்."

அவர் அட்டையைத் திரும்பக் கைப்பையில் போட்டுக்கொண்டு போன பிறகு, ஸ்டோர் கீப்பர் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஜாடியை எடுத்தார். வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பின் அவர் தனியாக உட்கார்ந்து காலி செய்த ஜாடி. பொக்கு போக, எட்டு உறை போக, அதன் அடியில் மிஞ்சியிருந்தவை மூன்று விதைகள்.