வெட்டிய ஒரு ஜாண்

பழைய ஹார்ன் ஸ்பீக்கர்களைப் பழுது பார்ப்பவர் ஒரே பிடியாக நின்றார். "ஒரிஜினலா வந்தது ஒரிஜினலாவே போகும்மா. ஒரு ஆணிகூடப் புதுசா அடிக்க மாட்டேன்."

"இந்த மர ஹார்னை ஒரு ஜாண் நீட்டணும் தம்பி. அப்பதான் அடிக்குரல் முழுசா வரும்." ஸ்பீக்கரோடு ஒரு சாக்கு மூட்டையும் கொண்டுவந்திருந்த அம்மாள் விடுவதாக இல்லை.

"செஞ்சவர் என்ன கணக்குப் போட்டு இந்த அளவுல நிறுத்தினாரோ. அதுல கை வைக்க நாம யாரு?"

"கணக்காவது மண்ணாங்கட்டியாவது. பட்டறை வாசல் குறுகல். வெளியே எடுக்க முடியலைன்னு முதலாளி வெட்டச் சொன்னார்."

"பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி சொல்றீங்க."

"செஞ்சதும் நான்தான், வெட்டினதும் நான்தான்." அம்மாள் மூட்டையை அவிழ்த்தார். உள்ளே, ஹார்னின் வாயிலிருந்து அன்று அறுத்தெடுத்த மர வளையம். "இப்ப சொல்லு தம்பி. இதை ஒட்டினா ஒரிஜினலா, ஒட்டாம விட்டா ஒரிஜினலா?"