ஆளுக்கு ஒரு ஓட்டு

முதலாளி கைவிட்டுப் போன பனியன் கம்பெனியைத் தொழிலாளர்களே எடுத்து நடத்தத் தொடங்கியபோது, இனி எதுவானாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று முடிவாயிற்று. சமமாக வந்தால் மட்டும் தலைவி துளசிமணி சொல்வதுதான் முடிவு. மாதக்கணக்கில் அலைந்து முதல் பெரிய ஆர்டரைப் பிடித்ததும் அவள்தான். வெளிநாட்டு ராணுவம் ஒன்றுக்குப் பனியன். அந்த ராணுவம் பக்கத்து நாட்டின் மீது குண்டு போட்டுக்கொண்டிருப்பதை டிவியில் தினமும் காட்டினார்கள்.

அந்த ஆர்டரை எடுப்பதா வேண்டாமா என்று கூடிய கூட்டத்தில் கட்டிங் மாஸ்டர் ரங்கசாமி எழுந்தார். "நாம தைக்கலைன்னா இன்னொருத்தன் தைச்சுக் குடுப்பான். அதுக்காகப் போர் நிக்கப் போகுதுங்களா?"

"நிக்காதுங்ண்ணா," என்றாள் செக்கிங் பிரிவு நசீமா. "ஆனா இதுவரைக்கும் எது நடந்தாலும் மொதலாளி செஞ்சாருன்னு சொல்லிக்கிட்டோம். இனி யாரைச் சொல்றதுங்க?"

கை தூக்கினார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்தது. ஆர்டர் வேண்டும் என்று தூக்கிய கையைத் துளசிமணியின் கணவன் சென்னியப்பன் இன்னும் இறக்கவில்லை. அவனும் அங்கேதான் டெய்லர். அவர்கள் வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

துளசிமணி அவனைப் பார்த்தபடியே, "வேண்டாமுங்க," என்றாள்.

யாரும் கைதட்டவில்லை.

மறுநாள் தைப்பதற்குத் துணி இல்லை. ஆனாலும் ஷிப்ட் நேரத்துக்கு அவள் கேட்டைத் திறந்து வைத்தாள். முதலில் வந்தவர் ரங்கசாமி. அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய், கட்டிங் டேபிளைத் துடைக்க ஆரம்பித்தார்.